ஹொள்ளரின் பீக்கன் ஆளில்லாமல் ஓடாது

எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போவதென்றாலும் விட்டல ஹொள்ளர் முதலில் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவார். அவருடைய கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர் அந்தக் கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, அடுத்த வரியைப் படிக்கலாமா வேண்டாமா என்று சுவரைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பார். ஹொள்ளருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஒரு நிமிஷம் மாராயா, பெட்டியை அணைச்சிட்டு வந்துடறேன். ஆள் இல்லாம அது கத்தக்கூடாது" என்பார். (மாராயா என்றால் இந்தப் பக்கத்தில் அப்பனே, ஐயா என்பதுபோல.) கொல்லைப்புறம் ஒதுங்கப் போனாலும் இதே கதைதான். திரும்பி வந்து மறுபடி போடுவார்.

கர்நாடகக் கடற்கரையிலுள்ள எங்கள் குந்தாபுரத்தில், வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கிறோம். அதில் ஏழெட்டுப் பேரிடம் பீக்கன் உண்டு. பெரிய சங்கதி ஒன்றுமில்லை, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. படுக்கையறை விடிவிளக்குக்கு ஆகிற மின்சாரம்கூட அதற்கு வேண்டாம். இரட்டைப்படை நிமிடம் பிறந்ததும் அது விழித்துக்கொண்டு, இரண்டு நிமிடம்போல ஒரே சுருதியில் மெல்லியதாகச் சீழ்க்கை அடிக்கும். காதுக்கு அது வெறும் சீழ்க்கை. கணினிக்கு அதில் மூன்று சேதி இருக்கிறது: நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இவ்வளவு பலத்தில் அனுப்புகிறேன். உலகத்தின் மூலைமுடுக்குகளில் இதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கணினிகள் அதைப் பிடித்து, பிடித்த சேதியை எல்லோரும் பார்க்கும் ஒரு வரைபடத்தில் கோடாகப் போட்டுவிடும். எங்கள் ஊரிலிருந்து பெர்த்துக்கு ஒரு கோடு, கேப் டவுனுக்கு ஒரு கோடு, என்றைக்காவது ஃபின்லாந்துக்கும் ஒன்று. யாரும் யாரோடும் பேசுவதில்லை. இதில் என்ன சுகம் கண்டாய் என்று என் கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

மற்றவர்களின் பெட்டிகள் தாமாகவே ஓடும். பஜாரில் லாட்ஜ் வைத்திருக்கும் ஜயகர ஷெட்டி, தன் பெட்டியை மொட்டைமாடியில் ஓடவிட்டுவிட்டு மகள் பிரசவத்துக்காகத் துபாய்க்குப் போய் இரண்டு மாதம் இருந்தார். அவர் துபாயில் பேரனுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலம் முழுவதும், குந்தாபுரத்தில்தான் இருக்கிறார் என்று அது உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. நிலையத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்று எங்களுக்குள் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. ஏட்டுச் சுரைக்காய்தான். ஹொள்ளர் ஒருவர் மட்டும் அதைக் கறி சமைத்துச் சாப்பிடுகிறார். அவருடைய பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு தடவை பாடும். அடுத்த தடவைக்கு மறுபடி அமுக்கவேண்டும். அமுக்கினது பாடி முடிவதற்குள் எழவேண்டி வந்தால் அணைத்துவிட்டுத்தான் எழுவார்.

ஷெட்டி விடுவாரா? "ஹொள்ளரே, கோயில்ல மணி, முரசு எல்லாத்தையும் மோட்டார் அடிக்குது. பட்டர் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு, மோட்டார் பக்தியோட அடிக்குது. சாமி என்ன கோவிச்சுக்கிட்டா போயிட்டாரு? உங்க பெட்டிக்கு மட்டும் எதுக்கு இந்த மடி ஆசாரம்?"

"சாமிக்குத் தெரியும் மாராயா, யார் அடிக்கிறாங்கன்னு. மனுஷனுக்குத் தெரியாது" என்று ஹொள்ளர் பதில் சொல்லிவிட்டு ஷெட்டியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

யாருடைய கண்ணாடியாக இருந்தாலும் கேட்காமல் கழற்றித் துடைப்பது அவர் வழக்கம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்த மனிதர் இருட்டில் துழாவுவதுபோலப் பாயசத்தைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். ஒல்லி உடம்பு, முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை, எந்த நேரமும் சட்டைப்பையில் நான்கைந்து குட்டித் திருப்புளிகள். அவரிடம் 'கிட்டத்தட்ட' என்ற சொல் செல்லாது. "கிட்டத்தட்ட தெரியுதுன்னா தெரியலைன்னு அர்த்தம். தெரியுதா, தெரியலையா?" என்று கேட்டு வயதானவர்களை மிரட்டுவார். மிரண்டவர்கள் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுவதும் உண்டு.

ஆனி மாதம் பிறந்து மேற்கே இடி புரள ஆரம்பித்தால் ஆன்டெனாவின் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, அதன் நுனியை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுவைப்பார். மின்னல் வந்தால் பாட்டிலோடு நிற்கட்டும் என்று. ஒரு பௌதிக ஆசிரியை என்ற முறையில் அந்தப் பாட்டில் மின்னலை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "செய்யாது டீச்சரம்மா. ஆனா கம்பியைப் பிடுங்கினேனா இல்லையான்னு பாட்டிலைப் பாத்தாத் தெரியும்" என்றார். இந்த ஊருக்கு வாழ வந்து இருபத்தேழு வருடத்தில் அவரிடம் நான் வாதாடி வென்ற நாள் கிடையாது.

அவரும் ஒரு காலத்தில் பெட்டியைத் தானாக ஓடவிட்டவர்தான். சொல்லப்போனால் எங்கள் கூட்டத்துக்கே தானியங்கிப் பீக்கன் ஆசையை மூட்டியவர் அவர். அது எலியாஸ் கார்னேலியோ விழுவதற்கு முந்தைய கதை.

எலியாஸ் ஆற்றுக்கு அக்கரையில், கங்கொள்ளித் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்தியவர். ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. காலை ஏழு மணிக்கு நாங்கள் அலைவரிசையில் கூடிக் குசலம் விசாரித்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பெயர். எலியாஸ் அதில் வாய்திறந்தால் நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம். "ஹொள்ளரே, உங்க வீட்டுச் சாம்பார் வாசனை அலைவரிசையிலயே வருது. எப்பதான் என் வீட்டு மீன்குழம்பு வாசனை உங்களுக்கு வரும்?" என்பார். "எனக்கு வேண்டாம் மாராயா, நீ குளிச்சிட்டு வா, அது போதும்" என்பார் ஹொள்ளர். மனைவி செவரின் செத்துப்போனதும் அந்தத் தொண்டை அடைத்துவிட்டது. நெட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஹொள்ளர் நேரில் போய்க் கேட்டதற்கு, "பேசிப் பேசி யாருக்கு என்ன ஆகப்போகுது? நான் கேட்டுக்கிட்டிருக்கேன், அது போதும்" என்று முடித்துவிட்டாராம். ஒரே மகள் லவினா மஸ்கட்டில் நர்ஸ். பெரிய வீட்டில் மனிதர் தனியாக இருந்தார்.

ஹொள்ளர் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பீக்கன் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு படகேறினார். "நீ வாயே திறக்கவேண்டாம் எலியாஸ். காலைல எழுந்ததும் இந்த ஸ்விட்சைப் போடு. ராத்திரி படுக்கறப்ப அணைச்சிடு. அவ்வளவுதான்" என்றார். எலியாஸ் அப்படியே செய்தார். தினமும் காலையில் ஹொள்ளர் வரைபடத்தைத் திறந்து பார்ப்பார். கங்கொள்ளியிலிருந்து கோடு கிளம்பியிருந்தால் நெட்டில் முதல் வார்த்தையாக, "எலியாஸ் எழுந்துட்டான்" என்பார். எங்களுக்கு அது சுப்ரபாதம்போல ஆகிவிட்டது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எலியாஸ் ராத்திரி அணைக்க மறந்தார், காலையில் போட மறந்தார். கோடு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாளில் ஹொள்ளர் போன் அடித்து எழுப்புவார்; எலியாஸ் திட்டுவார். ஹொள்ளரின் கை சும்மா இருக்குமா? மீன்தொட்டிக்கு வைக்கிற டைமர் ஒன்றை வாங்கிப் பிஸ்கட் டப்பாவோடு சேர்த்துவிட்டார். விடிந்தால் அதுவே போடும், இரவானால் அதுவே அணைக்கும். "நல்லதாப் போச்சு மாராயா, உன் பிடுங்கல் விட்டுது" என்றாராம் எலியாஸ். அன்றிலிருந்து கோடு ஒரு நாளும் தவறவில்லை. ஹொள்ளரும் ஒரு நாள் தவறாமல் "எலியாஸ் எழுந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்தது டைமர்தான் என்பது டைமரை வைத்தவருக்கே தோன்றவில்லை. மறந்துபோனார் என்றும் சொல்லமுடியாது. கோட்டைப் பார்த்ததும் ஆளைப் பார்த்த திருப்தி அவருக்கு வந்துவிட்டது.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் என் கண்ணாடியின் காது கழன்று அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். மஸ்கட்டிலிருந்து லவினா கூப்பிட்டாள். அப்பா காலையிலிருந்து போனை எடுக்கவில்லை என்றாள். ஹொள்ளர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கணினியைத் திருப்பினார். எலியாஸின் கோடுகள் பளபளவென்று இருந்தன.

"உங்க பப்பாவுக்கு என்ன? இப்பதான் ஆஸ்திரேலியா வரைக்கும் போய்ட்டு வந்திருக்காரு! மழையில போனைச் சார்ஜ் போட்டிருக்க மாட்டாரு. நீ கவலைப்படாம டியூட்டிக்குப் போம்மா" என்று சிரித்தார். அவள் சிரித்தது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

மறுநாள் காலை நெட்டிலும் அவர் சொன்னார், எலியாஸ் எழுந்துட்டான் என்று. நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

எலியாஸ் அப்போது தன் வீட்டு நடையில் கிடந்தார். முந்தின நாள் விடியற்காலை காப்பி போட எழுந்தவர், அடுக்களையிலிருந்து ரேடியோ அறைக்குப் போகும் வழியில் விழுந்திருக்கிறார். பக்கவாதம். ரொட்டி போட வரும் ஆள் சன்னல் வழியாகப் பார்த்துக் கத்தியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. உயிர் தங்கியது. வலது பக்கமும் பேச்சும் தங்கவில்லை. அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை யார் காதில் விழவேண்டுமோ அவர் காதில் விழும்படியாகவே சொன்னார்.

லவினா வந்திறங்கினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹொள்ளர் சுவரோரம் நின்றிருந்தார். அவள் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்கிள், அன்னிக்கு நீங்க பப்பாவைப் பாத்துட்டுச் சொன்னீங்களா, டப்பாவைப் பாத்துட்டுச் சொன்னீங்களா?"

ஹொள்ளரின் கை சட்டைப்பையிலிருந்த திருப்புளிகளைத் தடவியது.

"இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் இந்த ஆசாரம். கடைக்குத் திரும்பியவர் தன் பெட்டியைப் பிரித்து, தானாக ஓடுவதற்கான சங்கதிகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, பொத்தான் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தார். நெட்டில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். யார் எழுந்தார், யார் எழவில்லை என்று அவர் அறிவிப்பது நின்றுபோயிற்று. நாங்களும் கேட்கவில்லை. வாடிக்கையாளரை மிரட்டுவதும் கண்ணாடி துடைப்பதும் மாறவில்லை, ஆனால் துடைத்துக்கொண்டே இருப்பார், கொடுக்க மறந்துவிடுவார்.

எட்டு மாதம் கழித்து, பங்குனி வெயிலில், நான் கடையில் இருந்தபோது லவினா வந்தாள். ஒரு கைக்குட்டையைப் பிரித்து, உடைந்த கண்ணாடி ஒன்றை மேசைமேல் வைத்தாள். எலியாஸ் விழுந்தபோது உடைந்தது. பஜாரில் வேறு நான்கு கண்ணாடிக் கடை இருக்கிறது. அதை நானும் கவனித்தேன், அவரும் கவனித்திருப்பார்.

"பழைய கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தேன். அதுல அவருக்கு ஒண்ணும் தெரியல போல" என்றாள்.

ஹொள்ளர் உடைந்த சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். "நேர்ல வந்து பாத்துத்தான் பவர் சொல்லமுடியும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் கைக்குட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு, "சரி, வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி அவர் சொன்னது, பாதி நான் கூடப்போய்ப் பார்த்தது.

லவினாவின் விடுமுறையை மஸ்கட் ஆஸ்பத்திரி இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. சித்திரை முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் எலியாஸின் மருந்துக்கே வழியில்லை. பகலுக்கு ஒரு ஹோம் நர்ஸ் ஏற்பாடாகிவிட்டது. இரவில் துணைக்கு வந்து படுக்க அடுத்த வீட்டுப் பையன் ஒப்புக்கொண்டான். ஆனால் அவளுக்குக் கால் எழவில்லை.

"நான் போன் பண்ணினா ஹோம் நர்ஸ் என்ன சொல்வா? நல்லாருக்காருன்னுதான் சொல்வா. நீங்களும் அதையேதானே சொன்னீங்க அங்கிள்?" என்று கேட்டாள். வீடியோவில் பார்க்கலாம் என்றால் எலியாஸ் சம்மதிப்பதில்லை. போனைக் காட்டினாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கோணிப்போன வாயை மகள் கடல் கடந்து பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அவரே எனக்கு இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா நான் போயிடுவேன். சொல்லாட்டி வேலை போனாப் போகுது" என்றாள்.

ஹொள்ளர் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து டைமரைக் கழற்றினார். வாசல் காலிங் பெல்லுக்கு வைக்கிற பெரிய வெள்ளைப் பொத்தான் ஒன்றை மரத்துண்டில் பதித்து, எலியாஸின் நாற்காலியில் இடது கைக்குப் பக்கத்தில் கட்டினார். இடது கட்டைவிரல் அமுக்கினால் ஒரு தடவை பாடும். வேறெதனாலும் பாடாது. தினமும் காலையில் அப்பா ஒரு தரம் அமுக்கினால் போதும், மஸ்கட்டில் மகள் கோட்டைப் பார்த்துக்கொள்வாள்.

எலியாஸ் அமுக்கவில்லை.

பொத்தானைப் பார்க்கக்கூட இல்லை. புதுக் கண்ணாடி பொருத்தமாகத்தான் இருந்தது. அதன் வழியாக அவர் தோட்டத்துத் தென்னையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹொள்ளர் மதியம் கடையைச் சாத்திக்கொண்டு தினம் படகேறினார். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னார். தன் வீட்டுச் சாம்பாரைத் தூக்கில் கொண்டுபோனார். விரல் அசையவில்லை. நாட்கள் ஓடின. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டவேண்டிய தேதி நெருங்கியது.

நான் போயிருந்த ஒரு நாள் லவினாவுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "நீங்களே ஒருதரம் அமுக்குங்களேன் அங்கிள்! கோடு போறதைப் பாத்தாவது அவருக்கு ஆசை வராதா?"

"நான் அமுக்கினா அது நான் சொல்ற பொய்ம்மா. ஒருதரம் சொன்னது போதும்" என்றார் ஹொள்ளர்.

"அப்ப என்னதான் பண்றது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சொல்வதுபோல அவரிடம் சொன்னாள்.

"பப்பா ஏன் அதைத் தொடமாட்டேங்குறாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அவர் விழுந்த இடத்துல நான் படுத்துப் பாத்தேன். அங்கேர்ந்து பாத்தா நேரா அந்த டப்பா பாடறப்ப எரியற சிவப்பு லைட்டுதான் தெரியும். கைகால் அசையாம, குரல் வராம அன்னிக்கு முழுக்க அவர் கிடந்தாரு. அது பாட்டுக்கு எரிஞ்சு எரிஞ்சு, நல்லாருக்காருன்னு சொல்லிக்கிட்டிருந்துது. ராத்திரி அணைஞ்சுது. விடிஞ்சதும் தானா எரிஞ்சுது."

ஹொள்ளர் எழுந்தார். நடைக்குப் போனார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, அறுபத்தெட்டு வயது உடம்பை மெல்ல மெல்ல இறக்கி, எலியாஸ் கிடந்த இடத்தில் தரையில் படுத்துக்கொண்டார். கன்னம் சிமெண்டில் பதிந்திருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். எலியாஸ் தென்னையை விட்டுவிட்டு அங்கே திரும்பினார்.

"எலியாஸ்" என்றார் ஹொள்ளர் தரையிலிருந்து. "அன்னிக்கு நான் உன்னைப் பாக்கல மாராயா. டப்பாவைத்தான் பாத்தேன். டைமரை வெச்சவன் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உன் மககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மறுநாளும் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

எலியாஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. கோபமா, அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லவினா ஓடிப்போய் அவர் வாயைத் துடைத்தாள். விரல் பொத்தானுக்குப் போகவில்லை. ஹொள்ளர் வெகுநேரம் அப்படியே கிடந்தார். நானும் லவினாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத்தான் அவரைத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது.

மறுநாள் காலை. நெட் ஆரம்பித்திருந்தது. நான் கல்லூரிக்குப் போகும் வழியில் எதையோ சாக்குச் சொல்லிக் கடையில் நுழைந்திருந்தேன். அவர் நேற்று படுத்த உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். ரேடியோவில் ஜயகர ஷெட்டியின் குரல் திடீரென்று உயர்ந்தது.

"ஹொள்ளரே! வரைபடத்தைப் பாருங்க. கங்கொள்ளி! ரெண்டு கோடு மாராயா, ஒண்ணு பெர்த், ஒண்ணு மொரீஷியஸ்!"

பார்த்தோம். இருந்தது. எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது. அலைவரிசையில் ஆளாளுக்குப் பேசி ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஷெட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, "ஹொள்ளரே, சொல்லுங்க. நீங்க சொல்லி ரொம்ப நாளாச்சு" என்றார். குரலில் கேலி இல்லை. கேலிக்காரனுக்கும் அப்படி ஒரு நேரம் வரும்.

ஹொள்ளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பெட்டியை அணைத்தார். கடை ஷட்டரை முக்கால்வாசி இழுத்துவிட்டுப் படகுத்துறையை நோக்கி நடந்தார். ஓடினார் என்றே சொல்லவேண்டும். கல்லூரிக்குப் போன் பண்ணி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

லவினா வாசலில் நின்றிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"யாரும்மா அமுக்கினது?"

"நான் அடுக்களையில இருந்தேன் அங்கிள். ஹோம் நர்ஸ் இன்னும் வரல."

"நீ பாத்தியா?"

"இல்ல. போன்ல ஷெட்டி அங்கிள் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

ஹொள்ளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எலியாஸ் நாற்காலியில் இருந்தார். யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்தார். வந்தது யார் என்று தெரிந்ததும் வெகுநேரம் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கை நகர்ந்தது. கட்டைவிரல் பொத்தானைத் தேடி, தவறி, மறுபடி தேடி, அமுக்கியது.

அமுக்கினவுடன் அது பாடாது. இரட்டைப்படை நிமிடம் பிறக்கவேண்டும். நாங்கள் நான்கு பேரும் காத்திருந்தோம். லவினா என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் "பப்பா" என்று கூவிக்கொண்டு, கோடு வருகிறதா என்று பார்க்கக் கணினியிடம் ஓடினாள்.

ஹொள்ளர் கணினியின் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். எலியாஸின் இடது கையை இரண்டு கைகளாலும் எடுத்து, அந்தக் கட்டைவிரலைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.